மேட்டு வீட்டுத் தண்ணீர்

ஜூலை 18, வெள்ளி

இன்று நல்ல தண்ணீர் வந்தது. எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிற ஆற்றுத் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் அதைத்தான் பிடித்து வைக்கிறோம். மற்றதற்கெல்லாம் அவரவர் வீட்டு போர் தண்ணி, வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். திருப்பூரில் குடித்தனம் செய்கிறவர்களுக்கு இந்த இரண்டு தண்ணியையும் கட்டி மேய்ப்பதே பாதி வேலை.

எங்கள் வீடு தெருவின் மேட்டில் முதல் வீடு. தண்ணீர் எங்களைத் தாண்டித்தான் கீழே இறங்கும், அதனால் எங்களுக்கு எப்போதும் தெளிவாக வரும். ஒரு டம்ளர் பிடித்து, மோந்து பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் குடித்தேன். "தண்ணியைக்கூட செக்கிங் பண்ணாம குடிக்க மாட்டீங்களா?" என்று வசந்தாமணி கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்வி. பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறவன் வேறு எப்படி இருப்பான்? எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று நம்பித் தேடுகிறவன் கண்ணுக்குத்தான் ஓட்டை தெரியும். நம்பிக்கைக்காரன் கையில் கொடுத்தால் கிழிசல் துணிகூட கப்பலேறிவிடும்.

கீழ் வீட்டுக்காரர்கள் தண்ணீரில் ஒரு வாடை அடிக்கிறது என்கிறார்கள். எங்கள் வீட்டில் இல்லை. எங்களுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறது, அதற்குக் கீழே எல்லா வீட்டிலும் இருக்கிறது. அடுத்த வீட்டில் யார்? மூன்று மாதம் முன்னால் குடிவந்த மாரிச்செல்வம். சாத்தூர்ப் பக்கத்து ஆள். முன் அறையில் பனியனுக்குப் படம் அச்சடிக்கும் பிரிண்டிங் பட்டறை போட்டிருக்கிறான். வாசலெல்லாம் சாய டப்பா.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக் காற்று அம்மியை நகர்த்துமோ இல்லையோ, போர் தண்ணி ஏற்றி வைக்கும் எங்கள் மாடித் தொட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. என்றைக்குப் போனது, எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. யாரோ கல்யாணத்துக்குக் கட்டிய பழைய ஃப்ளெக்ஸ் ஒன்று கிடந்தது. மூட்டுவலியோடு ஏறி அதை விரித்துக் கயிறு போட்டுக் கட்டினேன். புது மூடி சம்பளம் வந்ததும் வாங்கலாம்.

இன்னொரு விஷயம். தொட்டி சீக்கிரம் காலியாகிறது. ஒருமுறை மோட்டார் போட்டால் இரண்டு நாள் வந்துகொண்டிருந்த தண்ணி இப்போது விடிந்தால் பாதிதான் இருக்கிறது. குழாய் எங்கும் ஒழுகவில்லை. ஒழுகாத தண்ணி எங்கே போகும்? யாரோ எடுக்கிறார்கள். பட்டறைக்குத் தண்ணி நிறைய வேண்டும். எங்களுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

சமையல்கட்டுக் குழாய் மட்டும் நன்றாக வருகிறது. அது நான் சித்திரையில் என் கையாலேயே செய்த வேலை. அந்தக் குழாயில் தெருத் தண்ணீர் மட்டும்தான் வரும், வராத நாளில் காற்று விடும். வசந்தாமணி பாத்திரம் கழுவக் குளியலறையிலிருந்து வாளி வாளியாகத் தூக்குவாள். மூன்று வாய் ஜாயிண்ட் ஒன்றும் வால்வு ஒன்றும் வாங்கி, மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயை இதோடு சேர்த்துவிட்டேன். நல்ல தண்ணீர் வரும் நாளில் மாடி வால்வை மூடி, மீட்டர் பக்கத்து வால்வைத் திறக்க வேண்டும். மற்ற நாளில் தெருப் பக்கத்தை மூடி, மாடியைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான். பிளம்பர் துரைராஜ் பார்த்துவிட்டு, "இது ஆவாதுங்க. ரெண்டு தண்ணியையும் ஒண்ணாச் சேக்கப்படாதுங்க" என்றான். கூலி போன வயிற்றெரிச்சல்.

ஜூலை 26, சனி

நல்ல தண்ணீர். எங்களுக்குத் தெளிவு. கீழே இன்று வாடை மட்டுமல்ல, முதல் பத்துக் குடம் லேசாகப் பழுப்பாக வந்ததாம். தெருச் சங்கத் தலைவர் சென்னியப்பண்ணன் வீட்டு வாசலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். மாரிச்செல்வம் வாடகைக்குக் குடியிருப்பதும் அவருக்குச் சொந்தமான வீட்டில்தான்.

"அண்ணா, நான் ஒண்ணு கேக்கறேன். மேட்டு வீட்ல நல்லா இருக்குது. ரெண்டாவது வீட்ல இருந்து கெடுது. அப்ப கோளாறு எங்க இருக்குது?" என்றேன்.

எல்லோரும் இரண்டாவது வீட்டைப் பார்த்தார்கள். கணக்கு அவ்வளவு சுலபம். அதுவரை ஒருத்தருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

"நாளைக்குப் போய் ஒருக்கா பாத்துட்டு வாங்க நாச்சிமுத்து. உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்றார் சென்னியப்பண்ணன்.

ஜூலை 27, ஞாயிறு

போனேன். மாரிச்செல்வம் கையெல்லாம் சிவப்புச் சாயத்தோடு எழுந்து நின்றான். முப்பது வயது இருக்கும். பணிவாகத்தான் பேசுகிறான். அதிகப் பணிவு எனக்கு ஆகாது.

நான் உட்கார்ந்ததும் அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது எந்த ஊரிலும் உள்ளதுதான். வாங்கி மோந்து பார்த்தேன். பழக்கம். வாடை இருக்கத்தான் செய்தது. குடிக்காமல் கீழே வைத்தேன். அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் பிறகு வெளியே வரவில்லை.

"பட்டறைக்கு நான் லாரித் தண்ணிதான் வாங்குறேன் அண்ணாச்சி. தெருக்குழாய்க்கும் அதுக்கும் ஒட்டும் கிடையாது, ஒறவும் கிடையாது. நீங்களே பாருங்க" என்று பின்பக்கம் கூட்டிப்போனான். டிரம் தனியாக இருந்தது. குழாய் ஒன்றும் அதற்குப் போகவில்லை. மறைத்திருப்பான்.

கிளம்பும்போது சொன்னான். "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. தண்ணி வராத நாள்லயும் எங்க தெருக்குழாயைத் தொறந்தா நூலு மாதிரி தண்ணி வருது. உப்பா இருக்கு. ஒங்க மீட்டரை ஒரு தடவை பாத்துருங்களேன்."

என் மீட்டரை நான் ஏன் பார்க்க வேண்டும்? கேட்டது எதுவோ அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்தவன் வீட்டைக் கை காட்டுகிறவனை நம்பக் கூடாது.

ஜூலை 30, புதன்

மீட்டரைப் பார்த்தேன். சனிக்கிழமை வால்வைத் திறக்கும்போது கண்ணில் பட்டதைவிடக் குறைவாகக் காட்டுகிறது.

மீட்டர் குறையுமா? வயது குறையுமா? அவன் பார்க்கச் சொன்னான், நான் பார்த்தேன், அது குறைந்திருக்கிறது. அப்படியென்றால் அதில் ஏதோ செய்துவிட்டுத்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறான். வசந்தாமணியிடம் சொன்னேன். அவள் வெளியே வந்து மீட்டர் முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "ஏனுங்க, இந்த முள்ளு பின்னால சுத்துதுங்க" என்றாள்.

"அவன் வேலைதான்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சம்பளம். மூடி வாங்கவில்லை. கடையில் எங்கள் தொட்டியின் அளவு இல்லை. ஃப்ளெக்ஸ் நன்றாகத்தான் இருக்கும், மேலே ஏறிப் பார்க்க மூட்டு இடம் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. இன்றைக்கே நல்ல தண்ணீரும் வந்தது. கீழ் வீடுகளில் வாடை சகிக்கவில்லை என்று பாதிப்பேர் பிடித்ததைக் கொட்டிவிட்டார்கள். பெருக்கு அன்று சாக்கடைக்குப் போன தண்ணீரைப் பார்க்க மனசு கேட்கவில்லை. வசந்தாமணி தேங்காய்ச் சாதம் செய்து மாரிச்செல்வம் வீட்டுக்கும் ஒரு தூக்கு அனுப்பினாள். எனக்குப் பிடிக்கவில்லை, சொன்னேன். "பண்டிகை நாளுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நாலாவது வீட்டுக் குழந்தை மிதுனாவுக்கு வாந்தியும் பேதியும். இரவே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். போன மாதம் என் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்து காட்டியவள். டாக்டர் தண்ணீர்தான் காரணம் என்றாராம். அவள் அப்பன் மாரிச்செல்வத்தின் வாசலில் போய் நின்று கத்தினான். சாய டப்பாக்களை எட்டி உதைத்தான். தெருவெல்லாம் சிவப்பும் நீலமும் ஓடியது. யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

உள்ளே வந்து மாடி வால்வை இறுக்கி மூடினேன். சும்மாதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சமையல்கட்டில் தண்ணி இல்லாமல் வேலை ஓடுமா? காலையில் மாடி வால்வைத் திறந்துவிட்டேன். குழந்தைக்குக் குளுக்கோஸ் ஏறுகிறது, பயமில்லை என்கிறார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

வேலை விட்டு வரும்போது வசந்தாமணி தெருமுனைப் பெட்டிக்கடையருகில் பிளம்பர் துரைராஜோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவன் சைக்கிளை எடுத்தான். "என்ன பேச்சு?" என்றேன். "அவன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கறாங்களாமா" என்றாள்.

அவனுக்குத் தங்கச்சியே கிடையாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வீட்டுக்கு வந்தால் மாடிப்படி ஈரம். ப்ளீச்சிங் பவுடர் நெடி. வசந்தாமணியின் கை வெளுத்துக் கிடக்கிறது.

"தொட்டி கழுவுனனுங்க" என்றாள்.

"நீயா ஏறினே?"

"நாந்தேன்."

மூட்டுவலிக்காரி என்னைவிட அவள்தான். இரவு எனக்குச் சோறு போட்டாள், தான் சாப்பிடவில்லை. ஒரு வாய் எடுத்துவிட்டு ஓங்கரித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். மிதுனாவுக்கு வந்தது இவளுக்கும் வந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். "அதெல்லாம் இல்லீங்க. ஒண்ணைப் பாத்துட்டேன். அது கண்ணுலயே நிக்குது" என்றாள். எதைப் பார்த்தாள் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

சமையல்கட்டுக் குழாயில் தண்ணி வரவில்லை. வசந்தாமணி பழையபடி குளியலறையிலிருந்து வாளியில் தூக்குகிறாள். "அடைச்சுக்கிச்சாட்ட இருக்குது" என்கிறாள். பார்க்கட்டுமா என்றேன். "வேண்டாம்" என்று வெடுக்கென்று சொன்னாள். நான் பார்க்கவில்லை.

இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் என்னவோ நடக்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

நல்ல தண்ணீர். வாடை குறைவு என்கிறார்கள். போன திங்கட்கிழமைச் சண்டையிலிருந்து மாரிச்செல்வம் பயந்து போயிருக்கிறான், அதனால் குறைந்திருக்கும். மிதுனா வீட்டுக்கு வந்துவிட்டாள். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. நான் கூப்பிட்டேன். வரவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

சென்னியப்பண்ணன் எழுதிக் கொடுத்ததன்பேரில் தண்ணீர் ஆபீஸிலிருந்து சோதனைக்கு வந்தார்கள். இன்ஜினியர் ஒரு சின்னப் பெண், பெயர் அபிராமி. கூட இரண்டு ஆட்கள். நான் லீவு போட்டுவிட்டேன்.

சோதனை பார்க்கச் சாதாரணமாக இருந்தது. தண்ணீர் வராத நாளில் தெருக்குழாய் காலியாக இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் மீட்டரைக் கழற்றிவிட்டு, வீட்டுப் பக்கத்துக் குழாயின் வாயில் ஒரு வெள்ளை மக்கை வைக்கிறார்கள். மக்கில் தண்ணீர் விழக் கூடாது. விழுந்தால் அந்த வீட்டுத் தொட்டித் தண்ணீர் தெருவுக்குத் திரும்பிப் போகிறது, அதுதான் குற்றவாளி. "போற தண்ணி போய்க்கிட்டே இருக்கணும் சார். திரும்பி வரக் கூடாது. ஒரு வீடு திரும்பி விட்டாப் போதும், தெரு பூரா குடிச்சாகணும்" என்றாள் அந்தப் பெண்.

முதலில் மாரிச்செல்வம் வீடு. தெருவே நின்று பார்த்தது. மக்கில் ஒரு சொட்டு விழவில்லை. அடுத்தடுத்து எல்லா வீடும் பார்த்தார்கள். சொட்டு இல்லை. கடைசியாக எங்கள் வீடு. "தாராளமா பாருங்கம்மா. செக்கிங்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று சிரித்தேன். மீட்டரைக் கழற்றினார்கள். மக்கு காய்ந்து கிடந்தது.

அபிராமி எழுந்திருக்காமல் குனிந்தே இருந்தாள். மீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு புது வால்வு பளபளவென்று இருந்தது. "இது என்ஆர்வி ஆச்சே. தண்ணியைத் திரும்ப விடாத வால்வு. எப்ப போட்டீங்க?"

நான் வாயைத் திறக்குமுன் வசந்தாமணி சொன்னாள். "போன வாரமுங்க."

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நல்லது. எல்லா வீட்லயும் இது இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்தாள். அங்கே எல்லோர் முன்னாலும் சொன்னாள். "இந்தத் தெருவுல யாரோ ஒருத்தர் வீட்ல ரெண்டு தண்ணியையும் சேர்த்திருந்தாங்க. இப்ப எடுத்துட்டாங்க. யாருன்னு நான் கேக்கலை. மறுபடி சேக்காம இருந்தாப் போதும்."

மாரிச்செல்வம் எங்கள் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எடுத்துட்டான்னா என்ன அர்த்தம்? சோதனை வருதுன்னு தெரிஞ்சு எடுத்துட்டான்" என்றேன். யாரென்று நான் பேர் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் புரிந்தது.

புது வால்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என்னிடம் கேட்காமல் வசந்தாமணி செலவு செய்திருக்கிறாள், அதற்குத்தான் மறைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சென்னியப்பண்ணன் அவனைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள். சங்கத்தில் எல்லோருக்கும் திருப்தி.

வசந்தாமணி என்னோடு பேசி நாளாகிறது. சோறு, குழம்பு, மோர் என்று மூன்று வார்த்தைதான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாரிச்செல்வம் இன்று சாமான் ஏற்றினான். பட்டறைப் பலகைகள் நீளமாக இருந்ததால் டெம்போவில் வைக்க முடியாமல் திண்டாடினான். கீழ் வீட்டு ஆண்கள் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டு பார்த்தார்கள். ஒருத்தரும் ஒரு கை பிடிக்கவில்லை. அவன் பெண்டாட்டி மாசமாக இருக்கிறாளாம், எனக்கு இன்றுதான் தெரியும். இந்த நேரத்தில் புது இடத்தில் பட்டறைக்கு வீடு கொடுப்பவர்கள் யார் இருக்கிறார்கள்? ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை கிடைத்திருக்கிறதாம்.

வசந்தாமணி போய் முத்துப்பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னவோ கூடப் பிறந்தவள் போகிற மாதிரி. அப்புறம் திரும்பி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். ஏதோ நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தது போல நின்றாள். டெம்போ போய்விட்டது.

ஆகஸ்ட் 27, புதன்

நல்ல தண்ணீர். தெரு முழுக்கத் தெளிவு. துளி வாடை இல்லை. "பாத்தீங்களா நாச்சிமுத்து, சனி ஒழிஞ்சுது" என்றார் சென்னியப்பண்ணன். எல்லோரும் என் கண்ணைப் புகழ்ந்தார்கள். ஆனால் எனக்கு ஏனோ அந்தப் புகழ்ச்சி உள்ளே இறங்கவில்லை.

கரண்ட் பில் குறைந்திருக்கிறது. மோட்டார் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் ஓடுகிறது. திருடன் போனதும் தொட்டி நிற்கிறது என்று எழுத நினைத்தேன். ஆனால் அவன் போவதற்கு முன்னாலேயே நின்றிருக்கிறது. வசந்தாமணி தொட்டி கழுவிய எட்டாம் தேதியிலிருந்தே.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று மாடிக்கு ஏறினேன். ஏறக் கூடாது என்று இத்தனை நாள் எனக்கு மூட்டு வலித்தது. இன்று அவ்வளவாக வலிக்கவில்லை.

தொட்டிக்குப் புது மூடி. என் ஃப்ளெக்ஸ் கிழிந்து சுவரோரம் கிடக்கிறது. தொட்டி கழுவிப் பளிச்சென்று இருக்கிறது. நான் போட்ட ஜாயிண்ட் இல்லை. அந்த இடத்தில் குழாயை வெட்டி மூடி போட்டிருக்கிறார்கள்.

இறங்கி வந்து வசந்தாமணி முன்னால் நின்றேன். கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் அவள் மோட்டார் ரூமிலிருந்து ஒரு சிமெண்டுச் சாக்கை இழுத்து வந்து என் காலடியில் கொட்டினாள். என் ஜாயிண்ட், என் வால்வு, மீட்டர் பக்கத்துப் பழைய வால்வு. அந்தப் பழைய வால்வை மூடியபடியே வைத்து ஊதிப் பார்த்தேன். காற்று தாராளமாக அந்தப் பக்கம் போகிறது. எத்தனை மாதமாக இது மூடாமல் கிடந்ததோ.

"தொட்டிக்குள்ள ரெண்டு புறாங்க. உப்பிப்போய் மெதந்துட்டு இருந்துச்சு" என்றாள். "துரைராஜும் நானும்தான் எடுத்தோம்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"உங்களுக்குத் தெரியாதுன்னு நான் ஒரு நாளும் நெனைக்கலீங்க. ஊர்ல ஒருத்தரு பாக்கியில்லாம சந்தேகப்படறவரு நம்மூட்டை மட்டும் எப்பிடி உட்டாருன்னு யோசிச்சேன். மீட்டரு பின்னால சுத்தறதைப் பாத்தவரு. குழந்தைக்கு ஒடம்பு சரியில்லைன்னதும் ஓடிப்போய் வால்வை மூடுனவரு. எல்லாந் தெரிஞ்சுதான் அந்தப் பையன் தலைல போடறாருன்னு நெனச்சேன். உங்களைப் பாக்கவே எனக்குப் பயமா இருந்துச்சுங்க."

"எனக்குத் தெரியாது வசந்தா" என்றேன்.

"சரிங்க" என்றாள். நம்பின மாதிரி தெரியவில்லை. சாக்கை மடித்தபடியே, "சோதனை அன்னைக்கு நானாச்சும் சொல்லியிருக்கோணும். உங்க மானம் போயிருமேன்னு வாயை மூடிட்டேன். நானும் பாவந்தேன்" என்று அழுதாள்.

தெரியாது என்று சொன்னேன். இதுவரை எழுதியதையெல்லாம் முதலிலிருந்து படித்தேன். நாலாம் தேதியில் 'சும்மாதான்' என்று எழுதியிருக்கிறேன். மனுசன் சும்மா எதையும் இறுக்கி மூடுவதில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

சென்னியப்பண்ணனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் உடனே எழுந்து கதவைச் சாத்தினார். "இப்ப என்னத்துக்குங்க இது? போனவன் போயாச்சு. அந்த வீட்டுக்கு வேற ஆளு வந்து அட்வான்ஸும் குடுத்தாச்சு. மிதுனா அப்பனுக்குத் தெரிஞ்சா உங்களை வீடேறி அடிப்பான். தண்ணி நல்லா வருதில்ல? பேசாம இருங்க."

திரும்பி வரும்போது மனசு லேசாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

நல்ல தண்ணீர். எல்லோரும் குழாயடியில் இருக்கும்போது அந்த ஜாயிண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நாலாவது வீடு வரை நடந்தேன். மிதுனாவின் அப்பனிடம் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் அடிக்கவில்லை. ஜாயிண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அந்த அண்ணன் டப்பாவை எல்லாம் நான்தானுங்களே எட்டி உதைச்சேன்" என்றான். அவன் பெண்டாட்டி குழந்தையை உள்ளே இழுத்துக் கேட்டைச் சாத்தினாள்.

மேட்டு வீடு வரை திரும்பி ஏறி வர வெகுநேரம் ஆனது. ஒருத்தரும் என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

துரைராஜிடம் விலாசம் கேட்டுக்கொண்டு மாரிச்செல்வம் இருக்கும் இடத்துக்குப் போனேன். வசந்தாமணியும் வருகிறேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

தகரக் கொட்டகை, வெயிலில் தகிக்கிறது. பலகைகளில் பாதி வெளியே சாத்தி வைத்திருக்கிறான். உள்ளே இடமில்லை. ஆர்டர் பாதிதான் வருகிறதாம். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அதே பணிவு. இந்த முறை அதில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வீட்டு வேலை, எங்கள் வீட்டு வால்வு, எங்கள் வீட்டுப் புறா.

"தெரியும் அண்ணாச்சி" என்றான்.

"தெரியுமா?"

"ஒங்க மீட்டரைப் பாருங்கன்னு சொன்னேனே. ஒங்க வீட்டு மோட்டார் ஓடுற அன்னைக்கெல்லாம் எங்க குழாய்ல வரும்."

"அப்புறம் ஏன் சோதனை அன்னைக்குச் சொல்லலை?"

"நான் வாடகைக்கு இருக்கவன். நீங்க சொந்த வீட்டுக்காரங்க. எல்லாரும் ஒங்க கண்ணை நம்புறாங்க. நான் சொல்லி யாரு கேக்கப்போறா?" சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. திரும்பி வந்துவிடுங்கள், நான் சென்னியப்பண்ணனிடம் பேசுகிறேன், எங்கள் வீட்டு முன் அறையையே பட்டறைக்குத் தருகிறேன் என்றெல்லாம் சொன்னேன். "வேண்டாம் அண்ணாச்சி. அந்தத் தெருவுல பைப்படிக்குப் போனா இவகிட்ட ஒருத்தரும் பேச மாட்டாங்க. பிள்ளை பெறப்போற நேரத்துல அது எதுக்கு?" என்றான்.

நான் வந்து வெகுநேரம் ஆகியும் யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. முத்துப்பேச்சி அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வெயிலில் வந்ததில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கேட்காமல் கிளம்புவதுதான் மரியாதை. ஆனால் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்றேன்.

அவள் திரும்பினாள். குடத்திலிருந்து மொண்டு, சொம்பை என் கையில் கொடுத்தாள். வயிறு தெரிகிறது இப்போது. கையை எடுக்காமல் ஒரு நொடி நின்றாள்.

"மோந்து பாத்துட்டுக் குடிங்க அண்ணாச்சி" என்றாள்.

குத்தலாகச் சொன்னாளா, உள்ளபடியே சொன்னாளா, தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. சொம்பு காலியாகிற வரை குடித்தேன். கொஞ்சம் உப்பாக இருந்தது. பஸ்ஸுக்கு வெகுதூரம் நடந்து வந்தேன்.